சீர்த்தட்டில் இரண்டாம் பாகம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. மேளம் அடிக்கிற தெருவுக்குள்ளே கூட்டிக்கிட்டுப் போகப் போறேன்; தள்ளி உட்கார்ந்தா சோலைமலை மனசுக்குள்ளே பேசிக்கிட்டது உங்க காதுல விழாது. சோலைமலைக்கு மேலூர், பந்தல் போடுவது தொழில். ஆனால் அன்றைக்கு அவன் பந்தல்காரன் இல்லை, தாய்மாமன். தங்கச்சி பஞ்சவர்ணத்தின் மகள் கயலுக்குக் காதுகுத்து. பிள்ளையார் கோயிலில் இருந்து மாமன் சீர் கிளம்பிவிட்டது, தங்கச்சி வீட்டுப் பந்தல் வரைக்கும் ஒரே நேர்த்தெரு, முன்னால் தவில்காரர் தோள் குலுங்க அடித்துக்கொண்டு போக, பின்னால் மேலூர்ப் பெண்கள் ஆளுக்கொரு தட்டு, நடுவில் இவன், தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் பித்தளைத் தாம்பாளம், தாம்பாளத்தின் மேல் சிவப்புத் துணி, துணிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஊருக்கு இன்னும் தெரியாது. மாமன் என்றால் மாலை போட்டுக்கொண்டு கையை வீசித்தான் வரவேண்டும், தட்டுத் தூக்கக் கூடாது. ஆனால் இந்தத் தட்டைத் தூக்கிப் பார்த்த மூன்று பொம்பளைகளும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறக்கி வைத்துவிட்டார்கள். "என்னண்ணே, உள்ள அம்மிக்கல்லா?" என்று ஒருத்தி கேட்டாள். அம்மிக்கல் இல்லை தாயி, சரித்திரம். அரண்மனை, கோட்டை, குதிரை, செத்துப்போன ராசாக்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள், கனக்காமல் என்ன செய்யும், என்று இவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். சொன்னதும் சிரிப்பு வந்தது. சிரித்தால் தட்டு ஆடும். சிரிக்காதே சோலை, பந்தல் கம்பு மாதிரி விறைப்பாக நட.

எல்லாம் பஞ்சவர்ணம் பண்ணின வேலை. போனில் கூப்பிட்டு, "அண்ணே, தங்கம் வேணாம், பட்டு வேணாம், இந்த ஊருல பத்து வீட்டுக்கு ஒரு புத்தகம் கூடக் கிடையாது, சீருக்குப் புத்தகம் வாங்கிட்டு வா. சரித்திரம் கொஞ்சம், தத்துவம் கொஞ்சம், சின்னப்பிள்ளைப் புத்தகம் நெறைய" என்று உப்பு புளி மிளகாய் மாதிரிச் சொன்னாள். சின்ன வயசிலும் அப்படித்தான், பொட்டலம் மடித்து வந்த காகிதத்தை விரித்துப் படித்துவிட்டுத்தான் கடலையைத் தின்பாள், அதற்குள் பாதிக் கடலை இவன் வாயில். "உங்க மாமியார் என்ன சொல்லுவாகளோ" என்றான். "அவுக பக்கத்துலதான் இருக்காக" என்றாள் மெதுவாக. அதோடு பேச்சை மாற்றிவிட்டாள், "நீ ஏண்ணே சீரு சுமந்துக்கிட்டுத்தான் வருவியா? கயலு பொறந்தப்ப வந்த. இப்ப வரப் போற. நடுவுல ஒரு நாள் கையை வீசிக்கிட்டு வரத் தெரியாதா உனக்கு?" "மாமன்காரன் வெறுங்கையோட வந்து நிக்கிறது நல்லாவா இருக்கும்? கைல எதாச்சும் இருந்தாத்தான் கால் வரும்" என்றான் இவன், பந்தல் மேலே நிற்கிறவனுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாக. அவள் உம் கொட்டினாள். அந்த உம்மில் ஒரு மாதிரி ஈரம் இருந்தது, அது இன்றைக்கும் காதுக்குள் கிடக்கிறது, தவில் சத்தத்தையும் மீறி. தெருவின் வலது பக்கம் ஒரு பசுமாடு மேளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு என்ன கவலை. அதற்கு யாரும் பேர் வைக்கப் போவதில்லை.

பேர். அங்கேதான் மனசு போய்ப் போய் முட்டியது, கயிறு கம்பில் சிக்கின மாதிரி. பஞ்சவர்ணத்தின் மாமியார் சீனியம்மா இருக்கிறாளே, ஆள் கொத்தவரங்காய் மாதிரிதான், இடுப்பு உயரம் இருப்பாள், ஆனால் அந்த வட்டாரத்தில் சீர்த்தட்டுத் துணியை முதலில் தூக்குகிற கை அவளுடையது. யார் வீட்டு விசேஷமானாலும் அவளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துவார்கள். அவள் துணியைத் தூக்குவாள், பார்ப்பாள், ஒரு வார்த்தை சொல்வாள், அந்த வார்த்தை அந்த மாமன் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும், சோப்புப் போட்டாலும் போகாது. ஒரு காலத்தில் பந்தல் போடப் போன இடத்தில் சோலைமலை மூலையில் நின்று கண்ணால் பார்த்திருக்கிறான். நத்தத்தில் இருந்து ஒருத்தர் வாழைத்தார் கொண்டு வந்தார், நல்ல மனுசன், காய் மட்டும் கொஞ்சம் பிஞ்சு. சீனியம்மா ஒரு காயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பழம் வரலையாப்பா, வெரலைத்தான் அனுப்பிருக்கியா?" என்றாள். அவ்வளவுதான். அந்த ஆளுக்குப் பேரப்பிள்ளை எடுத்தாயிற்று, இன்னும் வெரல் மாமன். பேருந்து நிறுத்தத்தில் நின்றால் வெரல் மாமன், பால் வாங்கப் போனால் வெரல் மாமன். அந்தப் பேச்சு அவரோடு மட்டும் நிற்கவில்லை, வாக்கப்பட்டுப் போன அவர் தங்கச்சியையும், "என்னத்தா வெரல் வீட்டுக்காரி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதுதான் இவனுக்குப் பயம். இவனைக் காகித மாமன் என்றால் தொலைகிறது, பழைய பேப்பர் மாமன் என்றால்கூடத் தாங்கலாம், மேலூர் போய்விட்டால் காதில் விழாது. பஞ்சவர்ணம் எங்கே போவாள்? தண்ணிக் குழாயில் குடத்தை வைத்தால், என்னத்தா, எடைக்குப் போட்டாச்சா? அவள் வாய் பேசாது, கண்தான் பேசும்.

ஆனாலும் வாங்கும்போது என்ன சந்தோசமாக இருந்தது! மதுரையில் புத்தகக் கண்காட்சி, உள்ளே நுழைந்ததும் முதலில் பந்தலைத்தான் பார்த்தான், தகரக் கொட்டகை, நல்ல கட்டு, மூலையில் மட்டும் ஒரு முடிச்சு சோம்பேறி முடிச்சு. அப்புறம்தான் புத்தகங்களைப் பார்த்தான். அம்மாடி! இத்தனை பேர் இத்தனை சொல்ல என்ன இருக்கும்? ஒரு கடையில் கண்ணாடி போட்ட பொண்ணு, "என்ன வேணும் சார்?" என்றது. சாராம். "தத்துவம் வேணும்" என்றான். "என்ன மாதிரித் தத்துவம்?" யோசித்தான். "மாமியாரோட இருக்குற பொண்ணுக்கு" என்றான். அந்தப் பொண்ணு சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு! ஆனால் கெட்டிக்காரி, குனிந்து அடியில் தேடி, கோபம் எங்கே இருந்து வருகிறது என்று ஒருத்தர் எழுதினதை எடுத்துக் கொடுத்தது, கூடவே உலகம் நிஜமா தோற்றமா என்று இன்னொருத்தர் கேட்டதையும். சரித்திரத்தில் எதை எடுப்பது என்று தெரியாமல் அட்டையில் குதிரை இருக்கிறதாகப் பார்த்து எடுத்தான். மலையடிவாரத்துச் சிற்றரசன் ஒருத்தன் கதை மட்டும் இரண்டு பாகம். ஒன்று மட்டும் கேட்டதற்கு, "ஜோடியாத்தான் சார் குடுப்போம்" என்றது பொண்ணு. சரிதான், உழவு மாட்டைப் பிரிக்கலாமா, கட்டு என்றான். சின்னப்பிள்ளைப் புத்தகம்தான் அள்ளினான். நீச்சல் கற்க ஆசைப்பட்ட காக்கா, நிழலைத் தேடிப்போன எருமை, சளி பிடித்த யானை. யானையை மட்டும் வண்டியிலேயே எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்துவிட்டான், நாற்பது வயசு ஆம்பளை, யாரும் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து. கடைசிப் பக்கத்தில் வாய்விட்டுச் சிரிக்க, பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். அந்தச் சிரிப்பு இப்போதும் நெஞ்சுக்குள் குமிழி விட்டது. அதற்குள் கழுத்து நரம்பு சுளுக்கென்றது, குமிழி உடைந்தது, பந்தல் தெரிந்தது.

பந்தலைக் கண்டதும் இன்னொரு பயம் வந்து இந்தப் பயத்தின் தோள்மேல் ஏறிக்கொண்டது. ராக்கம்மா, இவன் பெண்டாட்டி, தங்கமானவள், எதைப் புதுசாக வாங்கினாலும் மஞ்சள் தடவாமல் விடமாட்டாள், புதுச்சட்டையா காலரில் மஞ்சள், புது மிக்சியா மூடியில் மஞ்சள். சீருக்குப் போகிற சாமான் மூளியாகப் போகலாமா என்று முந்தாநாள் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகத்துக்கும் நாலு மூலையிலும் மஞ்சளைக் குழைத்து அப்பிவிட்டாள், ஆசையாக, தாராளமாக. காலையில் யானையை எடுத்துத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை. காக்காயும் திறக்கவில்லை. மஞ்சள் காய்ந்து பக்கமும் பக்கமும் கட்டிப்பிடித்துக்கொண்டு விட்டன. "இவளே, என்னடி பண்ணி வச்சிருக்க?" என்றால், "நல்ல காரியம் பண்ணி வச்சிருக்கேன். வாசனையப் பாருங்க" என்கிறாள். இப்போது அவள் பின்னால்தான் வருகிறாள், தத்துவத்தைத் தூக்கிக்கொண்டு, மல்லிகைப் பூவும் அவளுமாக, குலவைச் சத்தம் அவளுடையதுதான் முதலில் கேட்கிறது. திறக்காத புத்தகம். பேசாத கிளியைக் கூண்டோடு கொண்டு போகிறேன். திரும்பிவிடலாமா? சீர் திரும்பினால் ஊர் சிரிக்கும். விழுந்துவிடலாமா, மயக்கம் வந்த மாதிரி? சரித்திரம் முகத்தில் விழும், மூக்கு உடையும், மூக்கு மாமன் என்று பேர் வரும். வரட்டுமே. அது என்னோடு போகும், பஞ்சவர்ணத்தைத் தொடாது. நிஜமாகவே முழங்காலைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தான். அதற்குள் யாரோ பன்னீர்ச் செம்பைத் தூக்கி முகத்தில் தெளித்தார்கள், குளிர்ந்தது, தெளிந்தது, வாசலில் பஞ்சவர்ணம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், பச்சைப் பட்டு. தட்டின் கனத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள், கேட்ட சாமான் வந்துவிட்டது என்று. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எப்படி விழுவது?

தட்டுகளைச் சமுக்காளத்தில் வரிசையாக இறக்கினார்கள். மேளம் நின்றது. மேளம் நின்றால் அவனுக்கு எப்போதும் காதுக்குள் ஒரு ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும், அந்த ஓட்டைக்குள் தன் நெஞ்சடிப்பே கேட்டது. சீனியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், கல் மூக்குத்தி, வெற்றிலை போட்ட வாய், பெரிய நரைத்த கொண்டை. குனிந்தாள். துணியைத் தூக்கினாள். பார்த்தாள். அடுத்த தட்டு. பார்த்தாள். அதற்கும் அடுத்தது. ஊரே எட்டிப் பார்த்தது, எட்டிப் பார்த்தவர்கள் திரும்பி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். சோலைமலைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அதற்கும் ராக்கம்மா மஞ்சள் தடவிவிட்டாளோ என்னவோ. கிழவி மேலாக இருந்த ஒன்றை எடுத்தாள், பிரித்தாள், பிரிய மறுத்தது. "என்னப்பா சோலைமலை, ஏன் தொறக்க மாட்டேங்குது?" "அத்தே... அது... மஞ்சள்..." "எவ கைவேலை இது?" ராக்கம்மா தத்துவத் தட்டுக்குப் பின்னால் குனிந்தாள். சீனியம்மாவின் கை கொண்டைக்குப் போனது, நீளமான ஊசி ஒன்றை உருவினாள், பலாச்சுளையில் கொட்டை எடுக்கிற மாதிரி ஓரத்தில் நுழைத்து ஒரு இழு இழுத்தாள். பிரக் என்று ஒரு சத்தம். பக்கம் திறந்தது, மஞ்சள் பொடி பறந்தது, உள்ளே யானை. கிழவி கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, உதட்டை அசைத்து, "யானைக்குச் சளி புடிச்சிருக்காம்" என்று சபைக்குச் சொன்னாள். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்று பஞ்சவர்ணத்துக்கே அன்றைக்குத்தான் தெரியும் போல, வாயைத் திறந்தபடி நின்றாள். "ஏப்பா மாமா, அத்தாம்பெரிய மூக்க எதுல தொடச்சுச்சாம்? படிச்சியா நீ?" என்றாள் சீனியம்மா. "படிச்சேனத்தே" என்றான், குரல் எங்கிருந்தோ வந்தது, "வாழை எலையில. ஒரு தும்மலுக்கு ஒரு எலை. தோப்பே காலி." முதலில் ஒரு குழந்தைதான் சிரித்தது. அப்புறம் பந்தலே சிரித்தது. கம்பில் கட்டியிருந்த தென்னங்கீற்றுக்கூடச் சிரித்த மாதிரி இருந்தது அவனுக்கு. பேர் வைக்கவில்லை. இன்னும் வைக்கவில்லை. மூச்சு விடலாமா?

விட முடியவில்லை. சீனியம்மாவின் கொழுந்தனார் தவசி, வெள்ளைத் துண்டும் ஊர்ப் பெரிய மனுசத் தோரணையுமாக முன்னால் வந்து, "என்ன மதினி, சரஸ்வதியப் போயிக் கொண்டை ஊசியால குத்துற? பாவமில்லையா? எல்லாரும் தொட்டுக் கும்பிடுங்க. கும்பிட்டுட்டு அப்படியே துணியச் சுத்தி பூசை அலமாரில வச்சுப் பூட்டுங்க. கை படாம இருக்கணும்" என்றார். கூட்டம் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டது. யாரோ சூடத் தட்டைக் கொண்டுவர, யாரோ குங்குமத்தை எடுத்துச் சரித்திரத்துக்குப் பொட்டு வைக்க, ஒரு கிழவர் காக்காப் புத்தகத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழவே போய்விட்டார். சோலைமலை பஞ்சவர்ணத்தைப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் கண் அலமாரிப் பக்கம் போய்விட்டு வந்தது, சாவி போட்ட அலமாரி, உள்ளே வெள்ளிக் குத்துவிளக்கு, யாரும் ஏற்றாதது. அந்த அலமாரிக்குள் விளக்கோடு விளக்காகத் தன் தங்கச்சியும் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு கணம் அவனுக்குத் தோன்றியது. கேலி பண்ணியிருந்தால்கூடத் தேவலை. கும்பிட்டே கொன்றுவிடுவார்கள் போலிருக்கிறதே. பேசு சோலை, மாமன் நீ, பேசு. வாயைத் திறந்தான். அதற்குள் சீனியம்மா திறந்துவிட்டாள். "கொழுந்தனாரே, போன வருசம் ஒங்க மக வீட்டுச் சீருல ஆப்பிள் வந்துச்சே, அத எந்த அலமாரில பூட்டி வச்சீக?" "பழத்தப் பூட்டுவாகளா மதினி? தெருவுக்குப் பங்கு குடுத்தோம்." "சீருல வந்தது எதுவானாலும் தெருவுக்குப் பங்கு. அதுதான நம்ம வழக்கம்? இதுவும் சீருதான்." "பழம் தின்னாத் தீந்துரும். இது தீராதே?" "அதனாலதான் சொல்றேன். தின்னுட்டுத் திருப்பிக் குடு. அடுத்த வீட்டுக்காரன் திங்கட்டும். திருப்பித் தராதவன் வீட்டு விசேசத்துக்கு நான் வந்து துணி தூக்குவேன், பாத்துக்க." தெருவே ஒரு அடி பின்னால் போனது.

அப்புறம் நடந்ததை அவன் மனசு வரிசையாகப் பிடித்து வைக்கவில்லை, சந்தோசம் வந்தால் வரிசை எங்கே நிற்கிறது. குழந்தையை இவன் மடியில் வைத்தார்கள், மல்லிகையும் பாலும் கலந்த வாடை, ஆசாரி குத்தியதும் கயல் வீறிட்டு இவன் மீசையைப் பிடித்து இழுத்தாள், வலித்தது, அந்த வலி இனித்தது. ஒரு பக்கம் சீனியம்மா கொண்டை ஊசியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிளந்து பிளந்து தெருவுக்கு நீட்டிக்கொண்டிருந்தாள், யாருக்கு எது என்று அவளே முடிவு பண்ணி. தவசிக்கு உலகம் நிஜமா தோற்றமா என்பது போனது. "நீங்கதான் சும்மா இருக்கீக. யோசிச்சு வைங்க, வெள்ளிக்கிழமை வந்து கேப்பேன்." கோபம் எங்கிருந்து வருகிறது என்பதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பஞ்சவர்ணத்திடம் கொடுத்து, "நீ படிச்சுட்டு எனக்குச் சொல்லு, இல்ல, நான் படிச்சுட்டு ஒனக்குச் சொல்றேன்" என்று மறுபடி வாங்கிக்கொண்டாள். பந்திக்கு இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டால் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. சமுக்காளம் முழுக்கத் தலைகள் குனிந்து கிடந்தன, காக்கா நீந்தியது, எருமை நிழலைப் பார்த்துவிட்டது, சமையல்காரர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தவர் அங்கேயே குத்த வைத்து உட்கார்ந்தார். சாம்பார் ஆறியது. ஆறட்டும். "அப்ப மாமனுக்கு என்ன பேருத்தா வச்ச?" என்று ஒருத்தி சீனியம்மாவைப் பார்த்துக் கத்தினாள். சோலைமலையின் உயிர் மறுபடி உள்ளே போய் ஒளிந்தது. "அவசரமா? பூராத்தையும் படிச்சுப் பாத்துட்டுல்ல வைக்கணும்" என்றாள் கிழவி, நிமிராமல்.

வேன் கிளம்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. பஞ்சவர்ணம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அடுத்து எப்பண்ணே? கயலு பெரிய மனுசி ஆகும்போதா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். "வாரேன்த்தா, கைல எதாச்சும்..." என்று அவன் ஆரம்பித்தான், அதே உம், அதே ஈரம். அப்போது சீனியம்மா கூட்டத்துக்குள்ளிருந்து தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு வந்தாள், அவன் தலையில் சுமந்த அதே தாம்பாளம், அதே சிவப்புத் துணி போட்டு மூடி. "சீர்த்தட்ட வெறுமனே திருப்பக் கூடாதுப்பா. மடியில வச்சுக்க" என்று சன்னல் வழியாகத் திணித்தாள். கனத்தது. பொறுக்க முடியாமல் துணியைத் தூக்கினான், வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் தூக்குகிறான். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம், அதற்கு அடியில் குதிரை போட்ட அட்டை. முதல் பக்கம் ஊசியால் ஏற்கெனவே திறந்திருந்தது. எழுத்துக் கூட்டினான். விழுந்த இடத்திலிருந்து அவன் மெல்ல எழுந்தான், குதிரையைக் காணவில்லை, என்று ஆரம்பித்தது. யார் விழுந்தது? யார் தள்ளினது? குதிரையை எவன் ஓட்டிக்கொண்டு போனான்? அட்டையைத் திருப்பினான். இரண்டாம் பாகம். "அத்தே!" என்று தலையை வெளியே நீட்டினான், வேன் நகர ஆரம்பித்துவிட்டது, "அத்தே, மொதப் பாகம்?" "அதுவா, எங்கிட்ட இருக்கு" என்றாள் சீனியம்மா, கக்கத்தைத் தட்டிக் காட்டி. "நீ அதப் படிச்சுட்டு எடுத்துட்டு வா, நான் இதத் தாரேன். கைல சாமான் இருந்தாத்தான் கால் வருமாமே ஒனக்கு? இப்ப இருக்குல்ல?" பஞ்சவர்ணம் வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்தின கைக்கு மேலே கண் பொங்கிச் சிரித்தது. போனில் பேசினதை எல்லாம் கேட்டுக்கொண்டு வெற்றிலை மென்றிருக்கிறாள் கிழவி. சோலைமலை தாம்பாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தான். வாசலில் சீனியம்மா வெளிச்சத்துக்கு வாகாக நின்று முதல் பாகத்தில் கொஞ்சம் படித்தாள், மருமகள் ஏதோ கேட்டதற்குப் பொறு என்று கையைக் காட்டினாள், அப்புறம் கொண்டையில் இருந்து ஊசியை உருவி, படித்த பக்கத்தில் அடையாளத்துக்குச் செருகி, அவிழ்ந்து விழுந்த கூந்தலைக் கண்டுகொள்ளாமல், புத்தகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.